இல்லமும் இன்பமும்: கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள்



இப்பகுதிக்கு வரும் வினாக்களுள் ஒன்று அடிக்கடி தலைகாட்டுகிறது. குழந்தைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஞாயிற்றுக்கிழமை குர்லாவுக்கோ கிராபோர்டு மார்க்கெட்டுக்கோ சென்று, கண்ணாடித் தொட்டியும் பத்துப் பன்னிரண்டு வண்ண மீன்களும் வாங்கி வருகின்றனர், இரண்டு வாரம் முடிவதற்குள் அவை ஒவ்வொன்றாய்ச் செத்து மிதக்கின்றன, குழந்தைகள் அழுகின்றனர், தொட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது. விற்றவர் நோய் மீனைத் தந்துவிட்டாரோ என்று சிலர் ஐயுறுகின்றனர். தம் வீட்டு ராசியே அப்படித்தான் என்று சிலர் மனம் சோர்கின்றனர். விற்றவர் மீதும் ராசி மீதும் பழி சுமத்துமுன், அந்தத் தொட்டியிலுள்ள நீரைப் பற்றிச் சற்றே ஆராய்வது நலம்.

நமக்கு மூச்சுவிடக் காற்று வேறு, குடிக்க நீர் வேறு, உண்ண இடம் வேறு, கழிவு செல்லச் சாக்கடை வேறு. தொட்டி மீனுக்கோ இவை அனைத்தும் ஒரே நீர்தான். ஊர்க்குளத்தில் இந்த வேலையைச் சேறும் பாசியும் வெயிலும் காற்றும் மழையும் பகிர்ந்து செய்கின்றன. இரண்டடிக் கண்ணாடிக்குள் அவ்வளவும் நம் தலையில் விழுகிறது. ஆகவே மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் நீரை வளர்க்கக் கற்க வேண்டும். நீர் நலமாயிருப்பின் மீன் தானே நலமாயிருக்கும். இம்மாதம் நாம் கூற விழைவது இவ்வளவே. மற்றவை அதன் விரிவு.

பழைய கலை

கண்ணாடிக்குள் மீனை நெடுநாள் உயிரோடு வைக்கலாம் என்பதை 1850 இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் விளக்கிக் காட்டினார். நீர்ச்செடியும் மீனும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பது அவர் கண்ட முறை. 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. நம் மும்பையில் மெரீன் டிரைவிலே தாராபோர்வாலா மீன்காட்சிச் சாலையை 1951 இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்து வைத்தார். இந்நகரில் வளர்ந்த நம்மவர் பலர் பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதல் வண்ண மீனைக் கண்டது அங்கேதான். அக்காட்சியின் சிறு துண்டொன்றை வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ள ஆசை எழுவது இயல்பே.

தொட்டியும் இடமும்

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை வாங்காதீர்கள். நீர் குறைவாயிருந்தால் அது கெடுவதும் விரைவு. வாய் குறுகியிருந்தால் காற்று படும் பரப்பும் குறைவு. நம் போன்றோர் இல்லத்துக்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. அது விளிம்பு வரை சுமார் 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டால் 45 லிட்டர் நீர் நிற்கும். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எடை 70 கிலோவை எட்டலாம். ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் அசையாமல் நிற்பதற்கு ஒப்பான பாரம் அது. தொலைக்காட்சிப் பலகையும் சுவரில் அடித்த தட்டும் அதைத் தாங்கா. உறுதியான இரும்புத் தாங்கியை வைத்து, அதன்மேல் தெர்மோகோல் தகடு ஒன்றை விரித்துத் தொட்டியை அமர்த்துங்கள்.

வெயில் நேரே படும் சாளரத்தருகே வைத்தால் பாசி மண்டும். பிற்பகலில் நீர் கொதிப்பேறும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மின்கம்பி பிளக்கில் நுழையுமுன் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். கம்பி வழியே ஒழுகும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் புகாது. தொட்டிக்குள் கை விடுமுன் ஹீட்டரையும் பம்பையும் நிறுத்த வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே கற்பியுங்கள்.

குழாய் நீர்

மும்பையின் நீர் விகார், துளசி, தான்சா, பாத்சா, வைதரணா முதலிய ஏரிகளிலிருந்து வருகிறது. பாண்டுப் போன்ற நிலையங்களில் தூய்மை செய்து, நோய்க்கிருமி அழியும் பொருட்டுக் குளோரின் கலந்து அனுப்புகின்றனர். நம்மைக் காக்கும் அக்குளோரினே மீனின் செவுளை அரித்து மூச்சை அடைக்கும். குழாயிலிருந்து பிடித்த நீரை உடனே தொட்டியில் ஊற்றுவது மீனை நஞ்சிலே இறக்குவதற்கு ஒப்பாகும்.

இதற்கு எளிய வழி, அகன்ற வாளியில் நீரைப் பிடித்து ஒரு முழு நாள் திறந்து வைப்பதே. குளோரின் காற்றில் கலந்து நீங்கிவிடும். ஆனால் திறந்த வாளி டெங்குக் கொசுவுக்கும் பிடித்த இடம். மெல்லிய வலைத்துணியை இறுகக் கட்டினால் குளோரின் வெளியேறும், கொசு உள்ளே புகாது. அவசரமெனில் மீன் கடையில் சொட்டு மருந்து கிடைக்கும். முற்காலத்தில் புகைப்படக்காரர் பயன்படுத்திய ஹைப்போதான் அம்மருந்துகள் பலவற்றின் அடிப்படை. சீசாவில் குறித்த அளவுக்குமேல் ஒரு சொட்டும் வேண்டா.

இரு நாட்களில் தனிக் கவனம் தேவை. கட்டடத்தின் மேல்தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் தூள் இட்ட மறுநாள், குழாய் நீரில் குளோரின் கடுமையாயிருக்கும். அன்று தொட்டி நீரை மாற்றாதீர்கள். கோடையில் சங்கத்தார் டாங்கர் லாரியில் நீர் வாங்கும் நாளும் அத்தகையதே. ஏரி நீர் மென்மையானது. லாரி நீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர், உப்பும் சுண்ணமும் மிக்கது. மென்னீரில் பழகிய மீன் திடீரெனக் கடின நீரில் விழுந்தால் தாங்காது. "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊரிலிருந்து வரும் உறவினர் முதல் வாரத்தில் படுத்துக்கொள்வதை நாம் அறிவோமன்றோ? மீனுக்கும் அவ்வண்ணமே.

கண்ணுக்குத் தெரியா ஊழியர்

இனி, பத்து நாளில் மீன் இறப்பதன் மெய்க்காரணத்துக்கு வருவோம். மீன் தன் செவுள் வழியே அம்மோனியா என்னும் கழிவை ஓயாது வெளியிடுகிறது. தின்னாத உணவும் எச்சமும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. இது கொடிய நஞ்சு. ஆனால் நீர் தெளிவாகவே தோன்றும். பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அது தீமை குறைந்தது. செடிகளுக்கு உரமாகும், எஞ்சியதை நாம் வாரந்தோறும் நீர் மாற்றி அகற்றலாம்.

இந்த ஊழியர்கள் கடையில் வாங்கிய புதுத் தொட்டியில் இல்லை. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவர்கள் மெல்லக் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் நாளே பன்னிரண்டு மீன்களை விட்டால், கழிவு முதல் நாளே தொடங்கிவிடும். அள்ளுவோர் ஒரு மாதம் கழித்தே வருவர். இடையில் மீன் மாள்வதில் வியப்பென்ன? விற்றவரும் குற்றவாளியல்லர், ராசியும் குற்றவாளியன்று.

ஆதலின் பொறுமையே முதல் மருந்து. தொட்டியை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, செடி நட்டு, முதலில் இரண்டு மூன்று வலிய சிறு மீன்களை மட்டும் விடுங்கள். அவற்றுக்கு மிகச் சிறிதே உணவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஆறு வாரம் சென்றபின் ஏனையவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நெடுநாள் நன்றாக நடக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் அருகிலிருந்தால், அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் உலராமல் வாங்கி வந்து நம் வடிகட்டியில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. காலம் பாதியாகக் குறையவும் கூடும்.

இங்கே நம் இல்லத்தரசிகளுக்கு ஒரு விண்ணப்பம். தூய்மை விரும்பி, தொட்டியை முழுதும் கவிழ்த்து, மணலையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, சோப்பும் போட்டுப் பளபளக்கச் செய்கின்றனர் சிலர். அன்று ஊழியர் அனைவரும் மாண்டனர். தொட்டி மீண்டும் புதுத் தொட்டி ஆயிற்று. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை ரப்பர்க் குழாயால் மணலின் அடியழுக்கோடு உறிஞ்சி எடுத்து, ஆறவைத்த நீரை மெதுவாக ஊற்றுங்கள். பஞ்சைக் கழுவ வேண்டுமெனில், எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து எடுங்கள். சோப்பு அணுவளவும் கூடாது. எடுத்த நீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினால் அதுவும் செழிக்கும்.

இரவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பம்பை நிறுத்தும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. கணக்கெழுதும் தொழிலினர் ஆதலால் நாம் கூட்டிப் பார்த்தோம். ஐந்து வாட் பம்பு முப்பது நாள் இரவு பகலாய் ஓடினாலும் 3.6 யூனிட்டுக்கு மேல் ஆகாது. அச்சிறு மிச்சத்துக்காக மீனுக்கும் நுண்ணுயிர்க்கும் மூச்சை நிறுத்துவது முறையன்று.

எம்மீனைத் தேர்வது?

தொடங்குவோர்க்கு முதலில் கூறத்தக்கது கப்பி. திரினிடாட் தீவில் வாழ்ந்த இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பாரின் பெயரை 1866 இல் இதற்கு இட்டனர். கொசுப்புழுவை விரும்பித் தின்பதால் நகராட்சிகள் கிணறுகளிலும் நீரூற்றுகளிலும் இதை விடுகின்றன. பிளாட்டியும் வலியதே. மோலி மட்டும் கடின நீரை விரும்புவது. மும்பையின் மென்னீரில் எளிதில் வாடும். அதனை வளர்ப்போர் சிறிது கிளிஞ்சலைக் கழுவிப் போட்டுவைத்தால் நீர் சற்றே கடினப்படும்.

ஸீப்ரா மீன் நம் நாட்டுச் செல்வம். கங்கைப் படுகையின் மீன்களை ஆராய்ந்த ஹாமில்டன் 1822 இல் இதனை வருணித்தார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இதை வளர்க்கின்றனர். நம் கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதனைக் கொண்டு ஆராய்ச்சி நடந்துள்ளது. நீலக் கோடுகளோடு ஓயாது ஓடும் இம்மீனை ஐந்தாறாகச் சேர்த்தே வளர்க்க வேண்டும். தனித்திருந்தால் அஞ்சி ஒடுங்கும். சண்டை மீன் என்னும் பைட்டர் மேற்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆண் இரண்டை ஒன்றாய் விட்டால் ஒன்று மற்றொன்றைக் குதறிவிடும். தங்க மீனைத் தொடக்கத்தில் தவிர்ப்பீர். அது குளிர்நீர் மீன், பெருத்து வளரும், கழிவும் மிகுதி. இரண்டடித் தொட்டிக்குச் சிறு மீன் பத்துப் பன்னிரண்டே அளவு.

வாங்கும்போது துடுப்பை விரித்து நீந்துவதையும், உணவுக்கு விரைவதையும் பார்த்து வாங்குங்கள். அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தால் அங்கே வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறவாமல் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, தொட்டி நீரைச் சிறு கிண்ணத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பைக்குள் சேருங்கள். அரை மணி சென்றபின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.

உணவு

பட்டினியால் இறக்கும் தொட்டி மீன் அரிது. அன்பால் இறப்பதே மிகுதி. மீன் குளிர்ந்த குருதியுடையது. நம்மைப் போல் உடலைச் சூடாக வைத்திருக்க அதற்கு உணவு செலவாவதில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ இட்டால் போதும். வாரத்தில் ஒருநாள் ஒன்றும் இடாதிருப்பதும் நன்று. கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டு பசியென்று இரங்காதீர்கள்; எந்நேரம் சென்றாலும் அவை அவ்வாறே செய்யும். சோறும் ரொட்டியும் பிஸ்கோத்தும் நீரைப் புளிக்கச் செய்யும். சாக்கடைப் புழுவாகிய டியூபிபெக்ஸை உயிரோடு இடுவதில் நோய் வரும் அச்சமுண்டு. உலர்ந்த உணவே நலம்.

பருவமும் நோயும்

மே மாதத்தில் நீர் 30 பாகையைத் தாண்டும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்க்காற்றும் குறையும். 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைந்திருப்பது, 30 பாகையில் ஏழரையாகிறது. மீன்கள் மேற்பரப்பில் வாய் வைத்துத் திணறினால், பம்பின் குமிழ்களை மிகுவித்து, ஆறிய நீரை மாற்றுங்கள். பனிக்கட்டியை எறியாதீர்கள், திடீர் மாறுதல் வெப்பத்தினும் கொடிது.

டிசம்பர், சனவரி இரவுகளில் குளிர் இறங்கும்போது வெண்புள்ளி நோய் தலைகாட்டும். மீன்மேல் உப்புத் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். கல்லில் உடலை உரசிக்கொள்ளும். இது ஓர் ஒட்டுண்ணி. மீன் தோலுக்குள் வளர்ந்து, முதிர்ந்து, உதிர்ந்து, அடியில் தங்கி நூற்றுக்கணக்காய்ப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். இரண்டு மூன்று நாளுக்குள் மீன் கிடைக்காவிடில் மடியும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து எட்டாது. நீந்தும் பருவத்திலேயே அழிக்க இயலும். ஆகையால் புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். ஹீட்டரால் நாளுக்கு ஒன்றிரண்டு பாகையாக 30 வரை உயர்த்தி, குமிழ்களை மிகுவித்து, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பைக் கரைத்து மெல்லச் சேர்த்து, புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடருங்கள். நம் தொட்டியளவுக்கு 50 வாட் ஹீட்டர் போதுமானது. புதிய மீனை இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்துச் சேர்த்தால் இத்துன்பம் பெரும்பாலும் வாராது.

மற்றொன்று, கொசு மருந்து. மனிதர்க்குச் சிறிதே தீங்கு செய்யும் பூச்சி மருந்துகள் பல மீனுக்குக் கூற்றுவன். பம்பு அறையின் காற்றை உறிஞ்சியே நீருக்குள் செலுத்துகிறது என்பதை மறவாதீர்கள். கரப்பான் மருந்து அடிக்கும்போதும், தெருவில் புகை மருந்து விடும்போதும் தொட்டியை ஈரத்துணியால் மூடிப் பம்பை நிறுத்தி, அறை தெளிந்தபின் திறந்து ஓடவிடுங்கள். கொசு விரட்டியைத் தொட்டிக்கு அருகில் வைக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

நம்மவர்க்கே உரிய இடர் இது. பள்ளி விடுமுறை வந்தால் திலக் நகரிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்களின் கதவுகளில் பூட்டுத் தொங்கும். லோகமான்ய திலக் நிலையமும் தாதரும் நம் மக்களால் நிரம்பி வழியும். பயணச்சீட்டுக்கு அறுபது நாள் முன்பே விழித்திருந்து பதிவு செய்கிறோம். ஊறுகாய்க்கும் புடவைக்கும் பட்டியல் எழுதுகிறோம். மீனைப் பற்றிய நினைவோ வாசலில் ஆட்டோ வந்து நின்றபின்தான் எழுகிறது.

நம் குடியிருப்பில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஒரு குடும்பத்தார் இருபது நாள் பயணமாகத் திருநெல்வேலிப் பக்கம் புறப்பட்டனர். கடைசி நிமிடத்தில் சாவியையும் உணவு டப்பாவையும் அடுத்த வீட்டு மராத்திய மூதாட்டியிடம் ஒப்படைத்து, "ஆஜி, தினமும் கொஞ்சம் போடுங்கள்" என்று கூறிச் சென்றனர். அவ்வம்மையார் காக்கைக்கும் பூனைக்கும் இட்டபின்னரே தாம் உண்பவர். வாயில்லா உயிர் பசியாயிருக்குமே என்று காலையும் மாலையும் கை நிறைய இட்டார். ஐந்தாம் நாள் நீர் பால் போல் வெளுத்தது. எட்டாம் நாள் ஒரு மீனும் இல்லை. ஊரிலிருந்து திரும்பியவர்கள் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. ஆயினும் அம்மூதாட்டி பல வாரம் அவ்வீட்டு வாசலைக் கடக்கும்போது தலை குனிந்தே சென்றார். மீன் போனதினும் அதுவே அவ்வீட்டாரை வருத்தியது. "கொஞ்சம்" என்ற சொல்லின் அளவு அவரவர் கருணைக்கேற்ப விரியும். அளவு சொல்லாமல் பொறுப்பை ஒப்படைத்தது நல்ல மனத்துக்குச் செய்த அநீதி ஆயிற்று.

அடுத்த ஆண்டு அக்குடும்பத்தார் மீண்டும் அவரிடமே சாவியைக் கொடுத்தனர். இம்முறை மூத்த மகள், கோயிலில் விபூதி மடிப்பது போலச் சிறு காகிதப் பொட்டலங்கள் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உணவு வைத்து, இரண்டு நாளைக்கு ஒன்றாக மராத்தியில் தேதி எழுதிக் கொடுத்தாள். டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டாள். இருபது நாள் கழித்து மீன்கள் அனைத்தும் இருந்தன. மூதாட்டியார் வெறும் காகிதங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, கணக்கு ஒப்பிப்பவர் போலத் திருப்பிக் கொடுத்தாராம்.

ஆகவே இம்முறையைக் கொள்ளுங்கள். நலமுள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றித் தாளும்; அவ்வளவு நாள் சென்றுவர யாரையும் வருத்த வேண்டா. குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கு மேலாயின் பொட்டலங்கள். கடையில் விற்கும் விடுமுறைக் கட்டிகள் கரைந்து நீரைக் கெடுக்கக் கூடும், நம்ப வேண்டா. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து புதிய மீன் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாக நீர் மாற்றி, பஞ்சைப் பிழிந்து, பம்பு ஓடுவதைச் சோதியுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உடையோர், தொட்டிக்குச் செல்லும் இணைப்பு மட்டும் அணையாதிருக்க வழி செய்யுங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்ற, ஆறவைத்த நீர் ஒரு கேனில் மூடி வைத்துச் செல்லுங்கள்.

பெருகினால்?

கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும். ஒருமுறை சேர்ந்த பெண், ஆண் அருகில் இல்லாமலே சில மாதம் மேலும் ஈனவல்லது. ஆறே மாதத்தில் தொட்டி நிறையும். அப்போது சிலர் மீனைப் பொவாய் ஏரியிலோ, ஊருக்குப் போகும்போது அங்குள்ள குளத்திலோ விட்டுப் புண்ணியம் தேடுகின்றனர். இது புண்ணியமன்று. பாசி தின்னும் என்று கூறி விற்கப்படும் டேங்க் கிளீனர் என்னும் தென்னமெரிக்க மீன், வாங்கும்போது விரலளவே. வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தொட்டியில் அடங்காமல் வெளியே விடப்பட்ட அது இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பரவி, நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. முட்கவசத்தால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. நம் பாட்டனார் தூண்டில் போட்ட குளத்தை நாமே கெடுக்கலாகாது. மிகுந்த மீன்களை நண்பர்க்கு அளியுங்கள், அல்லது கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். டேங்க் கிளீனரை வாங்காமலே இருங்கள். பாசியைத் துடைக்க நம் கையும் ஒரு பஞ்சும் போதும்.

நேயர்களே! பரணில் கிடக்கும் தொட்டியை இறக்குவதாயின், இம்மாதம் நீரை மட்டும் நிரப்பி ஓடவிடுங்கள். மீன் எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். "முதலில் வீடு கட்டுகிறோம், பிறகு குடி வருவார்கள்" என்று சொல்லுங்கள். வீடு கிடைக்காமல் இந்நகருக்குக் குடிவந்த நம் பெரியோர் பட்ட பாட்டை அறிந்த குழந்தைகளுக்கு அது எளிதில் விளங்கும். தொட்டியருகே ஒரு நாட்காட்டியை மாட்டி, நீர் மாற்றிய நாளை அவர்களே குறிக்கட்டும். அடுத்த விடுமுறையில் பொட்டலம் மடிக்கும் பணியையும் அவர்களுக்கே கொடுங்கள்.

அடுத்த இதழில் சாளரத் தொட்டிகளில் கறிவேப்பிலையும் துளசியும் மழைக்கால அழுகலிலிருந்து காக்கும் முறையைக் காண்போம்.